பூளைப்பூக் காப்பு

எங்கள் மானாவாரிக் காட்டில் விதைத்தது முளைக்காத வருஷம் உண்டு. களை முளைக்காத வருஷம் கிடையாது. தும்பையைச் சளிக்குப் பறிப்பேன், குப்பைமேனியைச் சிரங்குக்கு அரைப்பேன். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் காடு என் கணவரின் பங்கு. அவர் போன பிறகு நானும் இரண்டு பெண்களும் கஞ்சி குடித்தது அதை நம்பித்தான்.

மார்கழிக் கடைசியில் பூளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். பொங்கலுக்கு முந்தின நாள் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகக் கட்டி வீட்டிலும் காட்டிலும் செருகுவோம். அதுதான் காப்புக் கட்டுவது. காடு யாருடையதோ அவர்தான் கட்டவேண்டும்.

முதல் வருஷம் கொத்தோடு கிளம்பினேன். என் கணவரின் அண்ணன் வழிமறித்தார். தாலியறுத்தவள் காப்புக் கட்டக் கூடாதாம்.

“நீ போயிக் கட்டுனா ஊரு நாலு பேசும் அம்மிணி. கொண்டா, உனக்காவ நாங் கட்டிப்புட்டு வாரேன்.”

கூடப்பிறந்தவன்கூட இப்படி நினைக்கமாட்டான் என்று உருகிப்போனேன். அவருக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். அதே பூளையை வேரோடு பிடுங்கிக் கஷாயம் வைத்துச் சொம்பில் கொண்டுபோய்க் கொடுப்பேன். வருஷா வருஷம் காப்புக் கொத்தையும் நானே கட்டிக் கொடுத்தேன், பைத்தியக்காரி.

மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் அவர் பேச்சு மாறியது. தம்பிக்கென்று காடு பிரிக்கவே இல்லை, அது தன்னுடையதுதான் என்றார். அண்ணன் தம்பி வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்டது. எழுத்து ஒன்றும் கிடையாது. ஊர்க்கூட்டத்தில் முறையிட்டேன்.

கூட்டத்துப் பெரியவர் கேட்டார்: “ஏனம்மிணி, அந்தக் காட்டுல இத்தன வருசமாக் காப்புக் கட்டுனது ஆரு?”

ஊரே பார்த்ததை எப்படி மறைப்பது? “அவருதானுங்க. எனக்காவக் கட்டறேன்னு சொன்னாருங்க.”

“நான் அப்படியொண்ணுஞ் சொல்லலீங்களே” என்றார் அவர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. காடு அவருக்கென்று முடிவானது.

அடுத்த பொங்கலுக்கு முந்தின நாள் அவர் மனைவி என் வாசலில் வந்து நின்றாள்.

“கொத்துக் கட்டி வெச்சிருக்கறயா அம்மிணி? வாங்கியாரச் சொன்னாரு.”

“காடும் அவருது, பூளையும் அவருது. குனிஞ்சு புடுங்கிக்கச் சொல்லுங்கக்கா.”

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். காட்டைப் பிடுங்கிக்கொண்ட பிறகும், என்னை அதே ஏமாளியாகவே நினைத்து ஆள் அனுப்பினாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.