சாமிக்கு வைத்ததாகச் சொன்ன பழங்கள்

இதை எழுத எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. நோட்டை எடுப்பேன், முதல் வரியோடு மூடிவிடுவேன். எட்டாவது வரைதான் படித்தேன், ஆனால் மூடியது பிழை வரும் என்ற பயத்தால் இல்லை. சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னவள் நான். அதை எப்படி எழுதுவது?

எங்களுக்கு ஊர் வில்லியனூர் பக்கம் உறுவையாறு. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதுவரை புதுச்சேரியில் ஓவிய வகுப்பு நடத்தும் ஒரு டீச்சர் வீட்டில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தேன். நின்றபோது பாதி பிதுக்கிய ஆயில் பெயின்ட் டியூப்புகளும் இரண்டு பிரஷ்ஷும் ஒரே ஒரு கேன்வாஸும் கொடுத்தார். துடைப்பத்தோடு நின்று காதில் வாங்கியதுதான் என் பாடம். கோடு போடாதே. பழத்தின் மேல் விழுகிற வெளிச்சத்தைப் பொட்டுப் பொட்டாக வை. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், நீலமும் ஊதாவும் போதும். இம்ப்ரெஷனிசம் என்பார் அதை.

ஒன்றரை வருடம் அவற்றைத் தொடவில்லை. அவரைப் புரட்ட வேண்டும், துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும். கடைக்குப் போனாலும் ஓட்டமாகத் திரும்ப வேண்டும். கோயில் இருக்கும் திசையைப் பார்த்து வாசலில் நின்று கும்பிடுவதோடு சரி. வெளியே நட்டார்கள், அறுத்தார்கள். எனக்கு ஜன்னல் அளவுக்குத்தான் வயல்.

ஒரு நாள் மூச்சு முட்டியது. நாலு பூவன் பழம், ஒரு மாதுளை, உள்சிவப்பு தெரிய அறுத்த ஒரு கொய்யா, எல்லாவற்றையும் தட்டில் வைத்து அவர் கட்டிலுக்கு எதிரே ஜன்னலில் வைத்தேன். மூன்று மணிக்கு மேல்தான் அங்கே வெயில் விழும். அரை மணி நேரம் நிற்கும். படம் வரைய அந்த அரை மணி மட்டும் என்னுடையது.

முதல் நாளே அவர் இடது கையை வாழைப்பழத்துக்கு நீட்டினார். வீட்டில் வேறு பழம் இல்லை. ஒன்றை எடுத்தால் படம் குலைந்துவிடும்.

"சாமிக்கு வெச்சதுங்க. படைச்சிட்டுத் தரேன்."

படைக்காததை எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டோம். கையை இழுத்துக்கொண்டார். பிறகு அதே கையை நெற்றிக்கு உயர்த்தி, அந்தத் தட்டைக் கும்பிட்டார்.

மறுநாளும் கும்பிட்டார். அதற்கு மறுநாளும். கொய்யா கறுத்து எறும்பு ஏறியது. அதைப் படைக்கவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அவருக்கும் தட்டுக்கும் நடுவில் நின்று பூசிக்கொண்டே இருந்தேன். முதுகு எரிந்தது.

நாலாம் நாள் முடித்து, படத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

"பழத்துக்கு இன்னாடி, காய்ச்சலா? நீலமா கீது," என்றார். பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும்.

தாங்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும். கொய்யாவ அறுத்து வெச்சி யாருடி நாலு நாளு சாமிக்குக் காட்டுவா?"

"அப்புறம் ஏங்க கும்புட்டீங்க?"

"பழந்தான பொய்யி. சாமி நெஜந்தான?"

என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உன்ன வெளிய வுடச் சொல்லி."

நான் வெளியே போக ஒரே வழிதான் இருந்தது. அவர் போவது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

கன்றாத ஒரு பழத்தை உரித்து ஊட்டினேன். பாதி தின்றார். அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவை அவரோடு உட்காரச் சொல்லிவிட்டு வில்லியனூர் கோயிலுக்கு பஸ் ஏறினேன். அம்மன் முன்னால் ஒன்றுதான் கேட்டேன்: அவர் வேண்டியதைக் கொடுக்காதே தாயே. வீட்டுக்கு வந்து உள்ளே தாழ் போட்டேன்.

அவர் இன்னும் அதே கட்டிலில்தான் இருக்கிறார். படம் எதிர்ச் சுவரில். நானும் இங்கேதான். சில மத்தியானங்களில் அந்தத் தாழைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதையும் மறைக்கவில்லை.

இதை யாருக்காவது சொல்வீர்களானால் இப்படியே சொல்லுங்கள். பொறுமையான பெண்டாட்டி என்று என்னை ஆக்க வேண்டாம். பசித்து நீட்டிய கைக்கு நான் சொன்ன பொய்யை விட்டுவிட வேண்டாம்.