ஜெபிச்சிட்டு சொல்றேன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூரில் எங்கள் சபையில் ஒரு கல்யாண ஓலை வாசித்தார்கள். மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு வாசித்து, யாருக்காவது தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது எங்கள் வழக்கம்.

பாஸ்டர் 'பிரிசில்லா' என்று வாசித்ததும் சபை மொத்தமும் கடைசிக்கு முந்தின வரிசையைத் திரும்பிப் பார்த்தது. அங்கே உட்கார்ந்திருந்த பிரிசில்லா, பின்னால் யாரைப் பார்க்கிறார்கள் என்று தானும் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. மாப்பிள்ளை சுரேஷுக்கும் அப்படித்தான். திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர்கள் கல்யாண அறிவிப்பு அவர்களுக்கே தெரியாமல் முடிந்துபோனது. தடை எதுவும் இல்லை என்று சபை மௌனமாக இருந்தது. உண்மையில் ஒரு தடை இருந்தது — அவர்கள் பாஷை எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒருவரைத் தவிர.

டேனியல் அண்ணன். அயனம்பாக்கத்தில் எனக்குப் பக்கத்து வீடு. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பெரிய மீசை, சின்னக் குரல். அவருடைய அக்காவுக்குக் காது கேட்காது என்பதால் சிறு வயதிலிருந்தே கையால் பேசி வளர்ந்தவர். சர்ச் வாசலில் அவரும் பிரிசில்லாவும் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் மைக் என்றால் மனுஷனுக்கு ஆகாது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த காய்கறியை ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காய் கேட்பதற்குக்கூட மனைவி லில்லி அக்காவைத்தான் குரல் கொடுக்கச் சொல்வார்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அவரைப் பிடித்தார். கல்யாணத்தன்று பக்கத்தில் நின்று, நான் சொல்வதை அவர்களுக்குக் கையால் சொல்ல முடியுமா என்று கேட்டார். பிரிசில்லாவும் கூடவே நின்றாள்.

டேனியல் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார். "ஜெபிச்சிட்டு சொல்றேன் பாஸ்டர்."

சபைப் பழக்கம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஊரில் மற்றவர்கள் 'பார்க்கலாம்' என்று சொல்லுமிடத்தில் நாங்கள் இதைச் சொல்வோம். சண்டே ஸ்கூல் எடுக்கிறீர்களா? ஜெபிச்சிட்டு சொல்றேன். பாடகர் குழுவில் சேருகிறீர்களா? ஜெபிச்சிட்டு சொல்றேன். அர்த்தம் — முடியாது. கேட்டவர் மறுபடி கேட்க மாட்டார், அது மரியாதை. பரலோகத்திலிருந்து என்ன பதில் வந்தது என்று இதுவரை யாரும் யாரையும் விசாரித்ததில்லை.

பாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. முகம் வாடிப்போய் நகர்ந்தார்.

பிரிசில்லாவுக்கு? அண்ணன் அவளிடமும் அதையே கையால் சொன்னார். வாயால் சொல்லும்போது அந்த வாக்கியத்தில் ஒரு இழுப்பு இருக்கும் பாருங்கள்... அந்த இழுப்பில்தான் 'முடியாது' ஒளிந்திருக்கிறது. கையில் அந்த இழுப்பு வரவில்லை. இவர் ஜெபிக்கப் போகிறார், அப்புறம் பதில் சொல்லப் போகிறார் — இவ்வளவுதான் அவள் எடுத்துக்கொண்டாள். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு வண்டி நிறுத்துமிடத்திலேயே காத்திருந்தாள். இரண்டு கையையும் குவித்தாள், மேலே காட்டினாள், 'என்ன?' என்று கையை விரித்தாள். பதில் வந்ததா என்று கேட்கிறாள். அண்ணன் திருதிருவென்று விழித்து, இன்னும் வரவில்லை என்றார். அவள் உடனே தன் போனை எடுத்து ஆகாயத்தை நோக்கி உயர்த்திப் பிடித்தாள். சிக்னல் கிடைக்கவில்லையா என்று அதற்கு அர்த்தமாம். கூட நின்ற எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. லில்லி அக்கா சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு நெசமாவே நம்பிகினு கீது. நீங்க மொதல்ல ஜெபம் பண்ணுங்க."

அன்று மாலை அண்ணன் நிஜமாகவே ஜெபம் செய்திருக்க வேண்டும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். அவர் வீட்டு நியூஸ் சேனல் சண்டை அவ்வளவு நேரம் கேட்காமல் இருந்ததே இல்லை. அப்புறம் கதவைத் தட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு இன்னா தெரியும் தங்கச்சி? சாப்டியா, பஸ் வந்துச்சா, சம்பளம் போட்டாங்களா... அக்காகிட்ட பேசுனது அவ்ளோதான். கிருபையக் கையில எப்டிக் காட்றது? அவ்ளோ பேர் முன்னாடி நான் ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லி, அதுங்க அதுக்கு சரின்னு தலையாட்டிட்டா?"

எனக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை. சோம்பல் என்று நினைத்தேன். இது பயம். அதுவும் தன் மானத்துக்கான பயம் மட்டுமில்லை, அந்த இரண்டு பேருக்கான பயம். இதை அவளிடமே சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது ஓலை வாசித்த அன்று சொன்னார். பிரிசில்லா அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் சுருக்கமாக ஒரு பதில் சொன்னாள். அதை எனக்குச் சொல்லும்போது அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தப்பாச் சொல்லுங்க, நான் திருத்துறேன். சொல்லவே இல்லன்னா எதைத் திருத்துறது?"

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டு ஹாலில் ஒத்திகை ஆரம்பம். மற்ற நாட்களில் வேலை முடிந்து அவளும் சுரேஷும் வருவார்கள். ஜெபத்தில் ஆண்டவருக்கு வரும் 'ஆட்டுக்குட்டியானவர்' என்ற பெயரை அண்ணன் தன் வீட்டுச் சைகையில் காட்டினார். அந்தச் சைகைக்கு மட்டன் என்றுதான் அர்த்தம். கல்யாணத்துக்கு பிரியாணியா என்று சுரேஷ் ஆவலாகக் கேட்டாராம். பிரிசில்லா சிரித்துச் சிரித்துத் திருத்தினாள். கிருபைக்கு அவள் படித்த பள்ளியிலேயே ஒரு சைகை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அண்ணன் அதை மாடியில், பஸ் ஸ்டாப்பில், கறிக்கடை வரிசையில் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்டவரின் அழைப்பு என்றால் நமக்கெல்லாம் ஒரு கற்பனை இருக்கிறது. தைரியம் முதலில் வரும், தகுதி கூடவே வரும், கடைசியில் அழைப்பு வரும் என்று. தகுதி பார்த்துத்தான் ஆண்டவர் கூப்பிடுவார் என்றால் எங்கள் பாடகர் குழுவில் ஆர்மோனியம் மட்டும்தான் மிஞ்சும். அவர் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்றதைக் கொடுக்கிறார் என்று நினைக்கிறேன். அதுவும் மொத்தமாக இல்லை, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும்.

போன வாரம் கல்யாணம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் பாஸ்டர் பக்கத்தில் நின்றார். கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பாஸ்டர் பேசப் பேச மணமக்கள் முகத்தில் அர்த்தம் ஏறுவதைச் சபையே பார்த்தது. சுரேஷ் கையால் உறுதிமொழி சொன்னார். அண்ணன் அதை வாயால் சொன்னார். எல்லாம் சரி.

அடுத்து பிரிசில்லா. அவள் கைகள் அழகாகச் சொல்லி முடித்தன. அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. ஒத்திகை முழுக்கக் கைக்குத்தான் நடந்தது. மணப்பெண்ணின் வார்த்தையும் தன் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. அவர் மைக்கில் மெதுவாக, "இவங்க இன்னா சொல்றாங்கன்னா..." என்று இழுத்தார். அவங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க என்றார் பாஸ்டர், காதோரமாக.

அண்ணன் பிரிசில்லாவைப் பார்த்தார். அவள் தன் நெஞ்சைத் தொட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"பிரிசில்லாவாகிய நான்..." என்றார் அந்த மீசைக்காரர். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. "...சுரேஷாகிய இவரை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன்." கோவில் கடைசி வரைக்கும் கேட்டது. சிரிப்பு அடங்கிவிட்டது. பிரிசில்லா இத்தனை வருஷமாக எங்களோடு ஆராதனைக்கு வருகிறாள். அவள் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

பக்கத்தில் லில்லி அக்காவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னார்கள். "எங்க கல்யாணத்துல இவர் சொன்னது எனக்கே கேக்கல."