தூரத்து யூனிட்

பீர்க்கன்கரணை சரோஜினி, தாம்பரத்துக் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடம் பவர் பிரஸ் ஓட்டியவள். கார் கதவுக்கான தகடுகளை அடிக்கும் இயந்திரம் அது. கை உள்ளே போனால் சென்சார் கண்டுபிடித்து நிறுத்திவிடும். சென்சார் மக்கர் செய்தால் கிண்டியிலிருந்து மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்குவான்.

போன வருடம் புது ரோபோ பிரஸ் வந்தது. பழையதை லாரியில் ஏற்றி, மதுராந்தகம் தாண்டி ஒரு கொட்டகைக்கு அனுப்பினார்கள். அங்கே நிலமும் மலிவு, கூலியும் மலிவு. சோதனைக்கு அதிகாரிகளும் வருவதில்லை. கூடவே சரோஜினியையும் அனுப்பினார் மேனேஜர் தோத்தாத்ரி. மறுத்தால் வேலை போகும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டாம் மாதமே சென்சார் செத்தது. தோத்தாத்ரிக்குப் போன் போட்டாள்.

"சென்சார் செத்துட்டதால மிஷின் ஓடவே மாட்டேங்குது சார்."

"அவ்ளோ தூரம் ஒரு சென்சாருக்காக எவன்மா வருவான்? நாலஞ்சு கம்ப்ளெய்ன்ட் சேரட்டும். அதுவரைக்கும் வயரைக் கழட்டிட்டு ஓட்டு. இத்தனை வருஷ சர்வீஸ், உனக்கெதுக்கு சென்சார்?"

கழற்றிவிட்டு ஓட்டினாள். மூன்றாவது வாரம், பெடலை மிதிக்காமலேயே பிரஸ் இன்னொரு முறை இறங்கியது. வலது கையின் நான்கு விரல்களும் தகட்டோடு கிடந்தன. கூட வேலை பார்த்த பொன்னியம்மாள் அவற்றைப் பொறுக்கி, சாப்பாட்டு டப்பாவில் ஐஸ் போட்டு மூடினாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் கட்டுதான் போட முடிந்தது. ஒட்டவைக்கும் டாக்டர்கள் சென்னையில்தான். ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் நான்கு மணி நேரம் போயிற்று.

டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்தார். "ஐஸ் தண்ணியில ஊறிடுச்சும்மா. நேரமும் தாண்டிடுச்சு. இனி ஒட்டாது. தாம்பரத்துல நடந்திருந்தா..." என்றபடி டப்பாவை மூடினார்.

மூன்றாம் நாள் தோத்தாத்ரி ஆப்பிளும் ஒரு காகிதமுமாக வந்தார். 'என் கவனக்குறைவால்' என்று அது தொடங்கியது.

"வயரைக் கழட்டச் சொன்னதே நீங்கதானே சார்?"

"எழுத்துல இருக்கா? பொண்ணு தமிழினிக்கு நம்ம ஆபீஸ்ல வேலை கேட்டியே, ஞாபகமிருக்கா? போடு. கையெழுத்து கோணலா இருந்தாலும் பரவால்ல."

இடது கையால் போட்டாள். அதிகாரி விசாரணைக்கு வருகிறார் என்றதும் மெக்கானிக் அன்று காலையிலேயே கொட்டகைக்குப் போய் சென்சாரை மாற்றினான். பத்து நிமிட வேலை. மறுநாள் முதல் அந்தப் பிரஸ்ஸில் பொன்னியம்மாளை உட்கார வைத்தார்கள்.

தமிழினிக்கு வேலை கிடைக்கவில்லை. சரோஜினியைத் திண்டிவனம் பக்கம் ஒரு குடோனுக்கு மாற்றினார்கள். அங்கே இயந்திரம் என்று எதுவுமே இல்லை. பெட்டிகளில் லேபிள் ஒட்ட வேண்டும். விடியுமுன் பெருங்களத்தூரில் பஸ் பிடிக்கிறாள்.

"ஒத்தைக் கையால ஒட்டினா எப்போ முடியும்க்கா?" என்று முதல் நாளே கேட்டான் சூப்பர்வைசர்.

முழங்கையால் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, லேபிளின் பின்தாளைப் பல்லால் கடித்து உரித்தாள்.