கறுப்பு டேப் சுற்றிய சிரிஞ்ச்

வீட்டில் அவளுக்கு 'விஞ்ஞானி' என்று பெயர். அண்ணன் வைத்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவளை வேறெப்படிக் கிண்டல் செய்வது? ஆய்வகத்தில் அவளுக்குப் பெரும்பாலும் காத்திருக்கும் வேலைதான். தாய்மார் சம்மதித்துக் கொடுத்த தொப்புள்கொடிகள் பிரசவ அறையிலிருந்து வரும். அவற்றிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து, தட்டில் வளர்த்து, உறையவைத்து, கேட்கும்போது உருக்கி சிரிஞ்சில் நிரப்பித் தருவாள். மாதம் நிறையாமல் பிறந்து நுரையீரல் பழுதான குழந்தைகளுக்கு அது போகும்.

பலன் உண்டா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அதனால் சோதனை. சீட்டுக் குலுக்கி, சில குழந்தைகளுக்கு உயிரணு, சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர். எது யாருக்கு என்று டாக்டருக்கும் தெரியக்கூடாது, பெற்றோருக்கும் தெரியக்கூடாது. அதற்காக சிரிஞ்சைக் கறுப்பு டேப்பால் சுற்றி அனுப்புவாள்.

அண்ணிக்கு நாள் இருக்கும்போதே வலி கண்டுவிட்டது. உள்ளங்கையளவு பெண் குழந்தை, வென்டிலேட்டரை விட்டு வருவேனா என்றது. சோதனையில் சேரச்சொல்லி மன்றாடியவள் இவள்தான். "என் தங்கச்சி வளத்த மருந்து" என்று அண்ணன் வார்டு முழுக்கத் தம்பட்டம் அடித்தான். மருந்து போன அன்று வேறெந்தக் குழந்தைக்கும் சிரிஞ்ச் போகவில்லை; டேப்புக்குள் இருந்தது எது என்று இவளுக்கு மட்டும் தெரியும்.

வாரங்கள் ஓடின. எக்ஸ்ரேயில் நுரையீரல் தேறவில்லை. வாய்வழிக் குழாயை இனியும் வைத்திருந்தால் மூச்சுப்பாதை புண்ணாகிவிடும், தொண்டையில், குரல்வளைக்குக் கீழே துளையிட்டு மாற்றுவோம் என்றார் டாக்டர். அண்ணன் சரியென்றான். அண்ணி மசியவில்லை.

அன்று வார்டு வாசலில் இவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"விஞ்ஞானி, எனக்குப் புரிஞ்சுபோச்சு. பாப்பாவுக்குக் குடுத்தது உப்புத் தண்ணிதான்."

"யார் சொன்னா அண்ணி?"

"யார் சொல்லணும்? மருந்தா இருந்தா இந்நேரம் கேட்டிருக்காதா? அப்போ நிஜ மருந்து இன்னும் பாக்கி இருக்கு. அது வர்ற வரைக்கும் எம் பொண்ணு கழுத்துல கத்தி வைக்க விடமாட்டேன்."

"நான் எடுத்த சீட்டு என்னிக்கு விழுந்திருக்கு? அவளுக்கும் அதே ராசி," என்று பக்கத்தில் நின்ற அண்ணன் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

சொன்னால் வேலை போகும். இந்தக் குழந்தையின் முடிவு சோதனையில் செல்லாமலும் போகும். அதெல்லாம் போகட்டும், அண்ணியிடம் மிச்சமிருந்த நம்பிக்கையே அந்த உப்புத் தண்ணீர்தான். அதைப் பிடுங்க இவள் யார்? பிடுங்காமல் விட்டுவிடத்தான் இவள் யார்? கண்ணாடிக்கு அப்பால், இயந்திரம் தூக்கித் தூக்கிப் போட்ட அந்தச் சின்ன நெஞ்சைப் பார்த்தாள்.

"அண்ணி, அது மருந்துதான். நான்தான் நிரப்பினேன்."

அண்ணி அவள் கையை விடவில்லை.

"நல்லாத்தானே வளத்தே?"

"நல்லாத்தான் வளத்தேன் அண்ணி."

அண்ணி அவள் கையை விட்டு எழுந்து, அண்ணனிடம், "டாக்டரை வரச்சொல்லுங்க" என்றாள். பிறகு இவள் பக்கம் திரும்பினாள்.

"குழாய் வாயில இருக்கறதால இதுவரைக்கும் அவ அழுது நான் கேட்டதே இல்ல. கழுத்துக்கு மாத்தினா சத்தம் கேக்குமா?"

"கேக்காது அண்ணி."