பெருநாள் மாலையில் போட்ட ஊசி

முப்பது வருஷம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். மது ஈரலை என்ன செய்யும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அதே வருஷங்களிலும் ஓய்வு பெற்ற பிறகும், வாரத்தில் நாலு நாள் மட்டாஞ்சேரியிலிருந்து படகேறி எர்ணாகுளம் போய், பிராட்வே பக்கம் ஒரு பாரில் குடித்துவிட்டு வருவேன். எங்கள் தெருவில் யார் கண்ணிலும் படக்கூடாதே. நோன்பு மாதத்தில் மட்டும் தொடமாட்டேன். அதையே பெரிய யோக்கியதையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவிக்குச் சர்க்கரை நோய். கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. தினமும் காலையில் இன்சுலின் போடுவது என் வேலை. மூன்று வருஷம் முன்பு, டாக்டர் தடுத்தும் கேளாமல் நோன்பு பிடித்தாள். வேறு வழியில்லாமல் அவர் ஊசியை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொடுத்தார். முப்பது நாளும் மாலையில் மஃரிப் பாங்கு கேட்டதும் ஃபிரிட்ஜைத் திறப்பேன்.

பெருநாளன்று, டாக்டர் சொன்னபடி, பழைய மாதிரி காலையிலேயே போட்டேன். தொழுகை, பிரியாணி எல்லாம் முடிந்ததும் படகேறிவிட்டேன். ஒரு மாதம் அடக்கியதற்கும் சேர்த்துக் குடித்தேன். திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது பாங்கு கேட்டது. கால் நேரே ஃபிரிட்ஜுக்குப் போயிற்று.

"காலையிலேயே போட்டாச்சுல்ல?" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? நீ என்ன டாக்டரா?"

பெருநாளும் அதுவுமாகச் சண்டை எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ, கையை நீட்டினாள். போட்டுவிட்டுக் கட்டிலில் விழுந்தேன்.

பலகாரத்தோடு மகள் வந்து பார்த்தபோது, மனைவி சர்க்கரை இறங்கி, வேர்த்து நனைந்து வாய் குழறிக்கொண்டிருந்தாளாம். பக்கத்தில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். மகள் என்னை எழுப்பிப் பார்த்துவிட்டு, அம்மாவைத் தனியாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனது மறுநாள் காலை. உயிர் இருந்தது.

எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான் டாக்டரே, மறதியில ரெண்டாவது தடவை போடச் சொன்னேன். பாவம், இவர் என்ன செய்வாரு?" என்றாள் மனைவி.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "இவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான் குடித்திருந்தேன்" என்றேன்.

"அத்தா இனிமே அம்மாவுக்கு ஊசி போட வேண்டாம்," என்றாள் மகள். அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அவளே வந்து போட்டாள். நான் குடிநிறுத்தும் சிகிச்சைக்குப் போனேன். நடுவில் ஒருமுறை வழுக்கி, மறுபடியும் போனேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை. கொட்டும் மழையில் மகளின் பஸ் எங்கேயோ மாட்டிக்கொண்டது.

"நீங்களே போட்டுவிடுங்க," என்றாள் மனைவி. ஊசியை எடுத்தேன்.

"இருங்க. கிட்ட வந்து ஊதுங்க."

குனிந்து அவள் முகத்தருகே ஊதினேன்.

"சாயா வாசம்தான் வருது. பல்லுதான் இன்னும் தேய்க்கலை போல," என்று சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.

இப்போது தினமும் நான்தான் போடுகிறேன். ஊதிக்காட்டாமல் அவள் கையை நீட்டுவதில்லை. இது இன்னும் எத்தனை நாளைக்கு என்று நானும் கேட்பதில்லை.