மாடியில் நான்கு நொடி

உள்ளங்கையளவுத் திரையில் அவர் முகம் தெரிந்தது. துவைத்த மஞ்சள் புடவையை மாடிச் சுவரில் விரித்துக்கொண்டிருந்தவர், தலைக்கு மேல் கேட்ட ரீங்காரத்துக்கு நிமிர்ந்து, இடது கையால் வெயிலை மறைத்தபடி நேராகக் கேமராவைப் பார்த்தார். முதலில் என்ன சத்தம் என்று தேடும் பார்வை. பிறகு அது என்னவென்று புரிந்துகொண்ட பார்வை. புடவையை அப்படியே போட்டுவிட்டுப் படியை நோக்கி ஓடினார். எல்லாம் சேர்த்து நான்கு நொடி இருக்கும். ட்ரோனைக் கீழே இறக்கும்போது எனக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். அவ்வளவு அழகான ஒரு ஷாட்டை அதுவரை நான் எடுத்ததில்லை. இன்றைக்கும் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அவர் எங்கள் சீரியலில் உடைகளைப் பார்த்துக்கொண்டவர். காஸ்ட்யூம் அக்கா என்போம். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே, காவிரியை ஒட்டிய ஒரு பழைய மாடி வீட்டில் அந்தக் கன்னட சீரியலின் படப்பிடிப்பு நடந்தது. கதாநாயகியின் மாமியார் வீடு அதுதான். யூனிட்டில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்றே பேர். ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த குடும்பத்தில் பிறந்த நான், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கௌதள்ளிப் பக்கத்திலிருந்து வந்த அந்த அக்கா, அதே பக்கத்துக்காரரான வேன் ஓட்டும் அண்ணன். அக்காவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். என் தமிழில் பாதி கன்னடம் கலந்திருக்கும். "என்ன பேச்சு இது, சோத்துல மண்ணக் கலந்த மாதிரி" என்று அக்கா சிரிப்பார். மதியச் சாப்பாட்டுக்கு மூவரும் வேனின் நிழலில் உட்காருவோம்.

அக்கா புருஷனிடமிருந்து தப்பி வந்தவர். அதை அவராக என்னிடம் சொல்லவில்லை. இஸ்திரி போடும்போது புடவைத் தலைப்பு விலகி, தோளிலிருந்து முழங்கை வரை சுருங்கிப்போயிருந்த தோலை ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். பார்த்ததை அவரும் பார்த்தார். "அடுப்புல விழுந்துட்டேன்னு ஆஸ்பத்திரில சொல்லச் சொன்னான். சொன்னேன்" என்றார், இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல். தான் இருக்கும் இடம் ஊரில் யாருக்கும் தெரியாது, வேன் அண்ணனைத் தவிர என்றும் சொன்னார். அன்றுதான் என்னிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டார். "கீழ நிக்கற கேமராவுக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்குது, பின்னால போய் நின்னுக்குவேன். உன்னோடதுக்கு முதுகே இல்லியே சாமி. மேல உடறதுக்கு முந்தி ஒரு சத்தம் குடு, நானு உள்ள போயர்றேன்." அப்படியே செய்து வந்தேன். ட்ரோனைத் தரையில் வைத்ததும் "அக்கா, ஏத்தறேன்" என்று கத்துவேன். உள்ளேயிருந்து "ம்" என்று குரல் வந்த பிறகுதான் இறக்கைகள் சுழலும்.

அந்த நாளில் காலையிலிருந்தே மேகம். மாலை நாலு மணிவாக்கில் சட்டென்று திறந்து, ஆறும் தென்னந்தோப்பும் கரும்பு வயலும் பொன்னாக நின்றன. டைரக்டர் கூவினார். ஆற்றிலிருந்து கிளம்பி, தோப்பின் தலைகளை உரசினாற்போல் வந்து, மாடியில் தாழ இறங்க வேண்டும். ஒரே ஒரு பேட்டரியில்தான் சார்ஜ் மிச்சம் இருந்தது. நான் ஆற்றங்கரையில் இருந்தேன். வீடு கால் கிலோமீட்டர் தள்ளி. கத்தினால் கேட்காது. ஓடிப்போய்ச் சொல்லிவிட்டுத் திரும்ப மூன்று நிமிடம் ஆகும்; அதற்குள் வெயில் மறைந்துவிடலாம். அக்கா இந்நேரம் உள்ளேதான் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏற்றினேன்.

டைரக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "ஏனு ஷாட் குரு இது!" என்று என் முதுகில் அறைந்தார். வெறும் ஆறும் தோப்பும் வீடும் என்றால் அது எல்லோரும் எடுக்கும் காட்சி. கடைசியில் ஒரு பெண் நிமிர்ந்து பார்த்ததில்தான் அதற்கு உயிர் வந்திருந்தது. அந்த நான்கு நொடியை வெட்டிவிடுங்கள் என்று அவரிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர், காரணம் சொன்னால் கேட்டிருப்பார். ஆனால் அவர் சினிமா எடுக்கப்போகிறார் என்று பேச்சு அடிபட்ட சமயம் அது. என் வாய் திறக்கவில்லை.

வேனருகே அக்கா காத்திருந்தார். "நானு விழுந்துட்டனா தம்பி அதுல?"

"இல்லக்கா. ரெக்கார்டே பண்ணல. சும்மா உயரம் பாத்தேன்."

"நெசமா?"

"நெசமாக்கா."

அவர் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். என்னை நம்பி விட்ட அந்த மூச்சை இந்த ஏழு வருஷத்தில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

அந்த ஷாட் சீரியலில் வந்தது. மாமியார் வீட்டுக் காட்சி தொடங்கும்போதெல்லாம் வந்தது. யூனிட்டில் யாருக்கும் அது உறைக்கவில்லை; எங்கள் சீரியல் ஓடும் நேரத்தில் நாங்கள் அடுத்த நாள் காட்சியை எடுத்துக்கொண்டிருப்போம். ஒரு மாதம் போயிருக்கும். மதியம், கேட்டுக்கு அருகே நான் பேட்டரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பேர். மூத்தவன் கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டி, "இந்த ஊடுதானுங்களே? இந்தம்மா இருக்கறாங்ளா?" என்று மரியாதையாகவே கேட்டான். திரையில் என் ஷாட் உறைந்து நின்றது. மஞ்சள் புடவை, நெற்றியில் கை, அந்த முகம். அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். அவன் மாடியை அண்ணாந்து பார்த்தான். புடவைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

அவர்கள் உள்ளே நுழைந்து, மேனேஜர் தடுத்து, கூச்சலாகி அடங்குவதற்குள் வேன் அண்ணன் பின்வாசல் வழியாக அக்காவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டாராம், எந்த ஊர் பஸ் ஏறினார் என்று தெரியாதாம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எறங்கறப்ப அந்தப் புள்ள கேட்டுச்சு தம்பி. 'உங்களத் தவிர யாருக்குந் தெரியாதுங்ளே, எத்தன ரூவா குடுத்தான்'னு கேட்டுச்சு. என்னையக் கேட்டுருச்சு."

நான் அங்கேயே, அவர் பக்கத்திலேயே நின்றேன். கைபேசியில் பார்த்ததைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். "கோவத்துல கேட்டிருப்பாங்கண்ணா, விடுங்க" என்றேன். அக்கா அதற்குப் பிறகு அண்ணனின் அழைப்பை எடுக்கவே இல்லை. சில வாரங்களில் அண்ணன் வேனை ஒப்படைத்துவிட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார். டைரக்டரின் படத்தில் எனக்கு வேலை கிடைத்தது.

போன மாதம் மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்காக வானத்திலிருந்து விளம்பரப் படம் எடுக்கப் போயிருந்தேன். இப்போது பறக்கவிடுவதற்கு முன் சுற்றியுள்ளவர்களிடம் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுகிறேன். அதில் பெருமைப்பட எனக்கு உரிமையில்லை. ஷிப்ட் முடிந்து கேட்டிலிருந்து கூட்டம் வெளியே வந்தது. ட்ரோன் சத்தத்துக்குப் பலர் அண்ணாந்து கையசைத்தார்கள், கைபேசியில் படம் பிடித்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. சத்தம் கேட்ட மாத்திரத்தில் முந்தானையைத் தலையோடு இழுத்துவிட்டுக்கொண்டு, விறுவிறுவென்று மரத்தடிக்குப் போய்விட்டார். முகம் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. ட்ரோனை இறக்கிவிட்டு ஓடினேன்.

அக்கா இளைத்திருந்தார். கேண்டீனில் வேலையாம். என்னை அடையாளம் கண்டு, "ஏஞ்சாமி, நல்லா இருக்கறயா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். புருஷன் செத்து இரண்டு வருஷம் ஆகிறதாம். "அவன் போய்ச் சேந்துட்டான், இந்தப் பழக்கந்தான் போவ மாட்டேங்குது" என்று தலையில் கிடந்த முந்தானையைக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட்டேன். ரெக்கார்ட் ஆனது, தெரிந்தே பொய் சொன்னது, கேட்டருகே பார்த்த கைபேசி, எல்லாவற்றையும்.

அவர் என் கையை விட்டார். திட்டுவார் என்று நின்றேன். அவர் பேசியது என்னைப் பற்றியே இல்லை.

"அப்ப அந்தண்ணன் சொல்லல."

"இல்லக்கா."

"ஏழு வருசமா அவரு பேரச் சொல்லி மண்ண வாரித் தூத்திருக்கறேன் தம்பி. அவரு புள்ளகுட்டியெல்லாஞ் சேத்து." இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்தார். "நெம்பரு இருக்குதா?"

இருந்தது. எப்போதுமே இருந்தது. எண்ணைச் சொல்லச் சொல்ல அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்ததும், "அண்ணா, நானுங்..." என்றார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார். அவருடைய கம்பெனி பஸ் வந்தபோது கைபேசி காதிலேயே இருக்க ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக என் பக்கம் பார்க்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போது வேன் அண்ணனின் அழைப்பு வந்தது. வயசாகிவிட்ட குரல். அக்கா பேசியதைச் சொன்னார், அழுததைச் சொன்னார், தானும் அழுததைச் சொன்னார். பிறகு கேட்டார்: "அன்னைக்கு வேன்ல உக்காந்து உங்கிட்ட சொன்னனே தம்பி, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா."

அந்தப் பக்கம் ஒரு ஆடு கத்துவது கேட்டது. யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிடுவதும் கேட்டது.

"சரி" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் அவர் எடுப்பதில்லை.