வாசலில் கறந்த பால்

போன வாரம் மூன்று பேர் வந்து எங்கள் கொட்டகைப் பக்கம் சங்கிலி பிடித்து அளந்தார்கள். போகும்போது ஒரு மரமுளையை அடித்து, அதன் தலையில் சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போனார்கள். நான் இருப்பது கிள்ளான் ரோடு ஐந்தாம் கட்டை. கோலாலம்பூரிலிருந்து ஐந்தாவது மைல்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளக்க வந்தவர்களில் ஒருவர் நம்மாள். "டவுனு இது வரைக்கும் வரப்போகுதும்மா. இனிமே நீங்களும் டவுன்காரங்கதான்" என்றார். நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

அவர்கள் போனபின் கிட்டப் போய்ப் பார்த்தேன். பச்சை மர வாசம். முழங்கால் உயரம். அசல் மாடு கட்டுகிற முளைதான். என் கை தானாகக் கயிற்றைத் தேடியது. கயிறும் இல்லை, மாடும் இல்லை. வயதானால் கைக்குச் சேதி மெதுவாகத்தான் போய்ச் சேருகிறது.

நான் இந்த ஊருக்கு வந்தபோது டவுன் சின்னது. பிரிக்பீல்ட்சில் சூளைப் புகையும் ரயில் புகையும் கலந்து, காயப்போட்ட சேலையெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். ரயில்வே குவார்ட்டர்சுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு நாங்கள் மூன்று மாடு வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் புல் அறுப்பார், நான் கறப்பேன். கொட்டகையில் கறந்து எடுத்துப் போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மாட்டையும் கன்றையும் வீட்டு வாசலுக்கே நடத்திப் போய், அவர்கள் செம்பை வாங்கி, கவிழ்த்துக் காட்டிவிட்டு, அவர்கள் கண் முன்னே கறந்து கொடுப்பேன். பால்காரி என்றாலே தண்ணீர் கலப்பவள் என்று பேசிய காலம் அது. என்னை ஒருத்தரும் ஒரு சொல் சொன்னதில்லை. கழுத்தில் பொட்டுத் தங்கம் இல்லாவிட்டாலும் அந்தப் பேர் இருந்தது. என் வீட்டுக்காரர் கேலி செய்வார். "மாடுகூட குனிஞ்சு நடக்குது, நீதான் கொம்பு மொளச்சவ மாதிரி போற."

முதல் வாசல் தங்கம்மா வீடு. யாழ்ப்பாணத்துக்காரர்கள், அவர் வீட்டுக்காரர் ரயில்வேயில் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. அந்த அம்மா கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார். "வா பிள்ளை, உன்ர ராசாத்தி வந்திட்டாளோ?" என்பார். ராசாத்தி என் மாடு. கறந்த நுரையை விரலில் தொட்டுக் குழந்தையின் உதட்டில் வைப்பார். அது சப்புக்கொட்டும். எனக்குப் பிள்ளை தங்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே இரண்டு பீச்சு அதிகமாகக் கறந்து விடுவேன். அதை நான் தங்கம்மாவிடம் சொன்னதில்லை.

பிறகு டவுன் வளர்ந்தது. எல்லைக்குள் மாடு வைக்கக் கூடாது என்றார்கள். பங்சார் ரப்பர்க்காட்டு ஓரத்துக்குப் போனோம். இரண்டு வருஷத்தில் எல்லை அங்கேயும் வந்தது, தெருவில் மாட்டை நடத்தவும் கூடாது என்றார்கள். அதற்கப்புறம்தான் இந்த ஐந்தாம் கட்டை.

நான் பிறந்த நாகப்பட்டினத்தில் இப்படி இல்லை. கடைத்தெரு நடுவில் மாடு படுத்திருக்கும், ஜட்கா வண்டி சுற்றிக்கொண்டு போகும். ஊர் பெருத்தால் மாடும் சாக்கடையும் ஜனமும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்தே பெருக்கும். தள்ளி வைக்க வேறு இடம் வேண்டும், ரோடு வேண்டும், அதற்குக் காசு வேண்டும். காசில்லாத ஊர் எதைத் தள்ளி வைக்கும்? இங்கே ஈயத்திலும் ரப்பரிலும் வந்த காசு இருந்தது. காசுள்ள ஊர் எதையும் இருந்த இடத்தில் இருக்க விடாது. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாகப்பட்டினத்துச் சாக்கடை ஓரத்தில்தான் என் தம்பிமார் இருவரும் வாந்திபேதியில் போனார்கள். இங்கே குழாய்த் தண்ணீர், செங்கல் கட்டிய கால்வாய். நாங்கள் போனபின் ஈ குறைந்தது என்று தங்கம்மாவே சொன்னார். அதனால் சட்டம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பு யார்மேலும் இல்லாதபோது யாரைத் திட்டுவது?

ஐந்தாம் கட்டையிலிருந்து பாலைத் தகரக் கேனில் ஊற்றித் தலையில் சுமந்து போனேன். நடை நடையென்று நடந்து போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, தங்கம்மா செம்பைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, பால் முந்தின மாதிரி இல்லை. தண்ணி மாதிரிக் கிடக்கு."

"அதே மாடுதாம்மா."

"இல்லை, தண்ணி கிண்ணி கலந்தனியோ?"

கேனைக் கவிழ்த்து மிச்சப் பாலைக் கால்வாயில் கொட்டினேன். "பிள்ளை, நான் சும்மாதான் கேட்டனான்" என்று பின்னாலேயே குரல் வந்தது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். குழந்தை அப்போது ஓடுகிற வயசு. வாசல் கதவு வரைக்கும் ஓடி வந்து ராசாத்தியைத் தேடியது.

மத்தியானம் கேனைக் கழுவ உட்கார்ந்தேன். மூடியின் உள்பக்கம் நெல்லிக்காய் அளவு வெண்ணெய் ஒட்டியிருந்தது. ஐந்து மைல் நடையில் பால் அலைந்து அலைந்து கடைந்துபோயிருக்கிறது. கொழுப்பு மேலே, சத்தில்லாதது கீழே. கேனுக்குள் ஒரு வைக்கோல் பிரியைப் போட்டால் பால் அலையாது என்று சுமந்து விற்கிற எல்லாருக்கும் தெரியுமாம். நான் மாட்டை நடத்திப் போய்ப் பழகியவள். எனக்குப் பாலைச் சுமக்கத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் அந்த மூடியைப் பார்த்தார். "எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வா. அஞ்சு நிமிசப் பேச்சு."

"கேட்ட வாய்தானே? அதுவே வந்து தப்புன்னு ஒத்துக்கட்டும்."

அந்த வெண்ணெயை உருக்கி ரசத்தில் விட்டேன். அன்றைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அந்தத் தெருவையே விட்டுவிட்டேன்.

பல வருஷம் கழித்து, தங்கம்மாவுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த போர்ட்டர் சம்சாரத்தைக் காய்கறிப் பாசாரில் பார்த்தேன். "கிராணி பென்சன் வாங்கிக்கிட்டு யாழ்ப்பாணத்துக்கே போயிட்டாங்கக்கா. நீங்க வராம போனப்ப ஒரு வாரம் செம்பைக் கழுவி வாசல்ல வெச்சுக்கிட்டு அந்தம்மா உக்காந்திருந்தாங்க. அப்புறம் டின் பாலுக்கு மாறிட்டாங்க" என்றாள். எனக்குக் கையிலிருந்த கீரைக்கட்டு கனத்தது.

இப்போது அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். படி இருந்த இடத்தில் மாடிக் கடை. கடை நிறைய டின் பால் அடுக்கியிருக்கிறது. தண்ணீர் கலந்ததா என்று யாரும் கேட்பதில்லை, மாட்டை யாரும் பார்ப்பதுமில்லை. ராசாத்தி போய்விட்டது, அதன் கன்றுகளும் போய்விட்டன, என் வீட்டுக்காரரும் போய்விட்டார். வெறும் செம்பில் முதல் பீச்சு விழுமே, அந்தச் சத்தம் இந்த டவுனில் எந்த வாசலிலும் இல்லை.

நேற்றுக் காலை அந்தச் சிவப்பு முளையைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்திருக்கிறார்கள். ராசாத்தி இழுத்திருந்தாலும் வந்திருக்காது.